வராதுக்காரர்

புதுக்கோட்டை மாவட்டத்தின் ஊர்ப்புறங்களில், டீக்கடைப் பெஞ்சு ஒன்றுக்கு ஒருவர் என்ற கணக்கில் காணக்கிடைப்பவர் வராதுக்காரர். சாதி, சமயம், கட்சி, படிப்பு என்ற எந்த வேறுபாடும் இன்றி எல்லாப் பிரிவுகளிலும் பரவியிருக்கும் இவ்வகையினரை, "அதெல்லாம் நம்ம பக்கம் வராதுப்பா" என்னும் ஒற்றைத் தொடரைக் கொண்டே அடையாளம் கண்டுவிடலாம். இத்தொடரில் 'அதெல்லாம்' என்ற சுட்டு புயல், வெள்ளம், நிலநடுக்கம், ஆழிப்பேரலை ஆகிய நான்கையும் ஒருசேரக் குறிக்கும். 'நம்ம பக்கம்' என்பது பேசுபவரின் வாசற்படியில் தொடங்கி அவர் மகளைக் கட்டிக்கொடுத்த ஊர்வரை நீளும். இறுதியில் வரும் 'ப்பா' என்ற விளி, கேட்பவர் இனி மறுபேச்சுப் பேச வேண்டியதில்லை என்பதை உணர்த்தும்.

இவரை அறியாமையின் உருவம் என்று ஒதுக்கிவிடுவது முறையாகாது. இவர் வாதத்துக்கு நிலவியலே சாட்சிக்கு வந்து நிற்கிறது. நிலநடுக்க வரைபடம் வரைந்தவர்கள் புதுக்கோட்டையை நெடுங்காலமாகக் குறைந்த ஆபத்துள்ள மண்டலத்திலேயே வைத்துவந்தனர். தெற்கு வெள்ளாறும் அக்னியாறும் அம்புலியாறும் பெயரளவில் ஆறுகளே எனினும், ஆண்டின் பெரும்பகுதியில் அவற்றைக் கடப்பதற்கு வேட்டியை மடித்துக் கட்ட வேண்டிய தேவைகூட எழுவதில்லை. 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினத்தைச் சூறையாடிய ஆழிப்பேரலை, பாக் நீரிணைக்குள் இலங்கையின் மறைவில் ஒதுங்கிக் கிடக்கும் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கரைகளை அடைந்தபோது வேகம் பெரிதும் தணிந்திருந்தது. "நடுவுல சிலோன் இருக்குல்ல" என்று வராதுக்காரர் இதற்கு விளக்கம் தருவார். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை இழந்த ஒரு தீவைத் தம் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரைப் போலக் குறிப்பிடுவதில் உள்ள குரூரம் அவருக்கு உறைப்பதில்லை. பெரும்பாலான ஆண்டுகளில் அவர் சொன்னதே பலித்தும்விடுவதால், ஊரில் அவருக்குச் சோதிடரைவிட ஒரு படி கூடுதலான மதிப்பு உண்டு.

இந்திய வானிலை ஆய்வுத் துறை தன் எச்சரிக்கைகளுக்கு மூன்று நிறங்களைப் பயன்படுத்துகிறது: மஞ்சள் கவனித்திருக்கச் சொல்வது, ஆரஞ்சு ஆயத்தமாகச் சொல்வது, சிவப்பு செயலில் இறங்கச் சொல்வது. வராதுக்காரரின் அகராதியில் மஞ்சள் என்பது தொலைக்காட்சிக்காரர்களின் பிழைப்பு, ஆரஞ்சு என்பது பள்ளிக்கூட விடுமுறை, சிவப்பு என்பது சென்னை. மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்ற அறிவிப்பைக் கேட்கும்போது, தமக்குக் கடலுக்குப் போகும் வழக்கமே இல்லையாதலால், அரசு சொன்னதைக் காலையிலேயே நிறைவேற்றிவிட்ட மனநிறைவோடு அவர் அடுத்த டீக்குச் சொல்வார்.

பேரிடர் மேலாண்மை நூல்கள் இடர், பேரிடர் என இரண்டைப் பிரித்துப் பேசும். இயற்கை தன் போக்கில் செய்வது இடர். அது ஆயத்தமில்லாத குடியிருப்பின்மேல் வந்து விழும்போது பேரிடர். இம்மாவட்டத்துக்குப் பழகிய பேரிடர் வறட்சியே எனினும் வராதுக்காரர் அதனைப் பட்டியலில் சேர்ப்பதில்லை, ஏனெனில் அது வருவது அன்று, இருப்பது. மின்னலையும் அவர் கணக்கில் எடுப்பதில்லை. இந்தியாவில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மின்னல் தாக்கி இறக்கின்றனர், அவர்களில் வயற்காட்டில் வேலை செய்வோரும் மரத்தடியில் ஒதுங்குவோருமே மிகுதி என்றபோதிலும், இடி இறங்கும் வேளையில் அவர் மேற்கொள்ளும் முழு ஆயத்தமும் "அர்ஜுனா, அர்ஜுனா" என்று முணுமுணுத்துக்கொண்டே வரப்போரத்து ஒற்றைப் பனைமரத்தடிக்கு நடப்பதுதான்.

வெள்ளத்தைப் பற்றிய அவருடைய உறுதி இதனினும் நுட்பமானது. இம்மாவட்டத்து வேளாண்மை கண்மாய்களை நம்பியது. கண்மாய்க்கு மழைநீரைக் கொண்டுவரும் ஓடைக்கு வரத்துவாரி என்றும், நிறைந்தபின் மிகுநீர் கரையை உடைக்காமல் வெளியேறக் கட்டிய கற்கட்டுக்குக் கலிங்கு என்றும் பெயர். கலிங்கு வழிந்து எத்தனையோ ஆண்டுகள் ஆயிற்று என்பது வராதுக்காரர் முன்வைக்கும் சான்று. வரத்துவாரியின் நடுவே அவர் ஊன்றிய பதினோரு தென்னம்பிள்ளைகளும், ஆண்டுக்கு ஒரு முழமாக அவர் நகர்த்திவந்த வேலியும் அச்சான்றில் இடம்பெறுவதில்லை. வரத்தை அடைத்தவரே வராது என்று சொல்வதால், இந்த ஒரு துறையில் மட்டும் அவரை முன்னறிவிப்பாளர் என்பதைவிடக் காரணகர்த்தா என்பதே பொருந்தும்.

வராதுக்காரரின் வாழ்க்கை வரலாறு 2018 நவம்பர் 16 வரை ஒரு காண்டம், அதற்குப் பின் மற்றொரு காண்டம் எனப் பகுக்கத்தக்கது. வங்கக் கடலில் உருவான புயலுக்கு அம்முறை அமைந்த பெயர் கஜா, அதாவது யானை. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்ற பழமொழிக்கு இதைவிடப் பொருத்தமான நிகழ்ச்சி தமிழ்நாட்டு வரலாற்றில் அரிது. நான்கைந்து நாட்களாக வானொலியும் தொலைக்காட்சியும் தண்டோராவும் மணியை அடித்துக்கொண்டே இருந்தன. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறும் புயல், கடலிலிருந்து முப்பது நாற்பது கிலோமீட்டர் உள்ளே இருக்கும் தம் வீட்டை எட்டுவதற்குள் வெறும் தூறலாகிவிடும் என்பது வராதுக்காரரின் கணிப்பு. புயல் வெதுவெதுப்பான கடல்நீரிலிருந்தே ஆற்றல் பெறுவதால் தரையில் ஏறியபின் தளரும் என்பது உண்மையே. ஆனால் தளர்வதற்குச் சில மணி நேரம் பிடிக்கும், அந்தச் சில மணி நேரத்தில் அது புதுக்கோட்டையைக் கடந்துவிடும் என்பதும் உண்மை.

அன்று முன்னிரவில் வராதுக்கார வீடுகளில் நிகழ்ந்த உரையாடல் ஏறத்தாழ ஒரே வடிவினது. "ஏங்க, நாலு குடம் தண்ணி பிடிச்சு வச்சுக்கவா?" என்று மனைவி கேட்பார். "காலையில பிடிச்சுக்கலாம் போ, கரண்டு போனாலும் விடியறதுக்குள்ள வந்துரும்" என்பது மறுமொழி. 'வரும்' என்று அவர் உறுதிபடக் கூறும் ஒரே பொருள் மின்சாரம் என்பது இங்கு கருதத்தக்கது. அவர் வராது என்றது விடிவதற்குள் வந்து போயிற்று. வரும் என்ற மின்சாரம் பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் வரவில்லை.

ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் வட்டாரங்களில் தென்னையும் பலாவும் வாழையும் ஒரே திசையில் தலைவைத்துப் படுத்திருந்தன. பலா, பாட்டன் வைத்தது. தென்னை, பிள்ளை படிப்புக்கென்று வைத்தது. இவ்விழப்பு எந்த ஆயத்தத்தாலும் தடுத்திருக்கத் தக்கது அன்று. அதற்காக வராதுக்காரரைக் குறை கூறுவதும் அறம் அன்று. ஆனால் வீட்டுக்குள் நிகழ்ந்தது வேறு கதை. அப்பத்தா காலத்து அரிக்கேன் விளக்கு பழைய இரும்புக்காரனிடம் பேரீச்சம்பழமாகியிருந்தது. டார்ச் லைட்டு இருந்தது. அதற்குள் பேட்டரிக் கட்டைகள் என்றைக்கோ கசிந்து, சுருளோடு ஒட்டிப் பச்சை பூத்து, தட்டினாலும் வராமல் இருந்தன. கொல்லைக் கிணறு ஆழ்துளைக் கிணறு போட்ட ஆண்டிலேயே குப்பைக் குழியாகியிருந்ததால், பல நூறு அடி ஆழத்தில் தண்ணீரும் மேலே காலிக் குடமும் இருக்க, இரண்டுக்கும் இடையே இல்லாதிருந்தது மின்சாரம் மட்டுமே. வாடகை ஜெனரேட்டர் ஊர் ஊராக வந்து மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்றியபோது, அதன் வருகையைக் கோயில் தேரின் வருகைபோல் தெருமுனையில் நின்று வரவேற்றவர்களில் அவரே முன்னவர். பட்டாவும் ரேஷன் அட்டையும் பரண்மேல் டிரங்குப் பெட்டியில் இருந்தன. பரணுக்கு மேல் ஓடு இல்லை. தென்னை ஒன்றுக்கு அகற்றும் கூலியும் சேர்த்து 1,100 ரூபாய் என்று அரசு இழப்பீடு அறிவித்தபோது, நனைந்த பட்டாவை அவர் திண்ணையில் அப்பளம்போல் காயவைத்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் ஒரு மூன்று மாத காலம் வராதுக்காரர் 'வரும்காரர்' ஆனார். மெழுகுவத்தி இரண்டு டஜன், நைலான் கயிறு இரண்டு சுருள், அவசர விளக்கு, இன்வெர்ட்டர் எனக் கொள்முதல் நடந்தது. அடுத்த ஆடிக்குள் கயிற்றில் ஒன்று கன்றுக்குட்டிக்கும் மற்றொன்று துணி காயவும் போயின. மெழுகுவத்தி பேத்தியின் பிறந்தநாள்களில் கரைந்தது. இன்வெர்ட்டர் சீரியலுக்கு இடையூறு வராமல் காப்பதையே தன் தலையாய கடமையாகக் கொண்டது. ஜப்பானில் 1923இல் பெருநிலநடுக்கம் நிகழ்ந்த செப்டம்பர் 1ஆம் நாளைப் பேரிடர்த் தடுப்பு நாளாகக் கொண்டு ஆண்டுதோறும் மக்கள் பயிற்சி எடுக்கின்றனர். வராதுக்காரரின் நாட்காட்டியில் நவம்பர் 16 முகூர்த்த நாளா இல்லையா என்பது மட்டுமே பார்க்கப்படும்.

இதனினும் வியப்புக்குரியது, கஜா அவருடைய கொள்கையைத் தகர்க்காமல் அதற்கு எண்கணித வலிமை சேர்த்துவிட்டது என்பதாகும். 1977 நவம்பர் 12 காலையிலும் இதேபோல் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கரையேறிய புயலில் தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டைப் பகுதிகளில் காற்று மணிக்கு 120 கிலோமீட்டர் வேகம்வரை வீசியது. ஒரு வாரத்துக்குள் ஆந்திரக் கரையைத் தாக்கிய மாபெரும் புயல் செய்தித்தாள்களை நிறைத்துவிட்டதால், அது பாட்டிமார் நினைவில் மட்டுமே தங்கிப்போனது. அந்நினைவை இப்போது தூசிதட்டி எடுத்த வராதுக்காரர், 1977க்கும் 2018க்கும் இடையே 41 ஆண்டுகள் என்று கழித்து, அதே 41ஐ மீண்டும் கூட்டி, "இனிமே 2059லதான், அதைப் பேரன் பாத்துக்குவான்" என்று பெஞ்சில் தீர்ப்பு வழங்கியிருக்கிறார். அந்தப் பேரன் தற்போது கைப்பேசி பார்த்துக்கொண்டிருக்கிறான்.

அவர் மனைவி மட்டும், ஐப்பசி பிறந்ததும் தவலையிலும் அண்டாவிலும் நீர் நிரப்பிவைத்து, பட்டாவைப் பாலித்தீன் பையில் சுற்றி அரிசிப் பானைக்குள் செருகி, அரிசிப் பானைக்கு மேலே சுவரில் கரித்துண்டால் 1077 என்று எழுதிவைத்திருக்கிறார். அது மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் கட்டணமில்லா எண். கைப்பேசியிலிருந்து அழைப்பவர்கள் அதற்கு முன்னால் 04322 சேர்த்துக்கொள்ள வேண்டும்.