நாற்பத்தைந்தில் ஓய்வு: டெய்லர்களுக்கு ஒரு நற்செய்தி

திருப்பூர் டெய்லர்களே, செக்கிங் அக்காக்களே, ஒன்றரை ஷிப்ட் முடித்து வந்து, வீங்கிய காலுக்கு வெந்நீர் போட்டுவிட்டு போனைத் திறப்பவர்களே! நாற்பத்தைந்து வயதில் நீங்கள் ஓய்வு பெற்றுவிடலாமாம். ஏ.சி. அறையில் காலர் மைக் மாட்டிய ஒரு தம்பி சொல்கிறார். அவருக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. ஆனாலும் முதுமையைப் பற்றி எல்லாம் தெரியும்.

முதலில் டீயை விட வேண்டும். ஏழைக்குப் புத்தி சொல்ல வருகிறவர்களுக்கெல்லாம் டீ மேல் ஏன்தான் இத்தனை கோபமோ! நாள் முழுக்கத் தையல் மெஷின் முன்னால் குனிந்திருப்பவள் நிமிர்வது அந்த டீ நேரத்தில் மட்டும்தான். சரி, விட்டாயிற்று. மிச்சமான காசை மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் கட்டும் எஸ்.ஐ.பி.யில் போட வேண்டும். ஒரு வருடச் செலவைப் போல் 25 மடங்கு சேர்ந்ததும், ஆண்டுக்கு 4 சதவீதம் எடுத்துச் சாப்பிடலாம். இந்த 4 சதவீதக் கணக்கை 1994இல் போட்டவர் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்கர். அமெரிக்கப் பங்குகளையும் கடன் பத்திரங்களையும் வைத்து, அமெரிக்கர்களுக்காகப் போட்டார். வாராவாரம் வாசலில் வந்து நிற்கும் குழு லோன்காரரை அவர் பார்த்ததில்லை.

போட்டுத்தான் பார்ப்போமே. மாதம் 1,000 ரூபாய், முப்பது ஆண்டு, தம்பி சத்தியம் செய்யும் 12 சதவீதம். சுமார் 35 லட்சம் வருகிறது! திரையில் பட்டாசு வெடிக்கிறது. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் அந்த 35 லட்சத்துக்கு இன்றைய மதிப்பு ஆறு லட்சத்துச் சொச்சம்தான் என்று சொல்வதற்குள் வீடியோ முடிந்துவிடுகிறது. அதில் 4 சதவீதம் என்றால் இன்றைய காசுக்கு மாதம் சுமார் 2,000 ரூபாய். முப்பது வருஷம் டீ குடிக்காமல் இருந்ததற்குக் கூலி. அதுவும் இடையில் காதுகுத்து, பிரசவம், ஆஸ்பத்திரி எதுவும் வராமல் இருந்தால்.

நாற்பத்தைந்தில் ஓய்வு வேண்டுமென்றால் இந்தச் சேமிப்பைப் பதினைந்தில் தொடங்கியிருக்க வேண்டும். அந்த வயதில் மில்லுக்குப் போன பெண்கள் இங்கே உண்டு. சுமங்கலித் திட்டம் என்று மங்கலமாகப் பெயர் வைத்து, மூன்றாண்டு முடிந்தால் மொத்தமாகப் பணம் தருவோம் என்று பிடித்து வைத்தார்கள். அதில் எஸ்.ஐ.பி. போடக் கையில் என்ன கொடுத்தார்கள் என்று தம்பி விசாரித்துச் சொல்லட்டும்.

24 சதவீதத்தை ஒட்டிய வட்டிக்குக் குழு லோன் கட்டுகிறவளிடம், 12 சதவீத லாபத்துக்கு முதலீடு செய் என்று சொல்கிறவன் முட்டாளாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கமிஷன் வாங்குகிறவனாக இருக்க வேண்டும். தம்பி முட்டாளல்ல. கீழே லிங்க் கொடுத்திருக்கிறார்.

தம்பியை விடுங்கள், அவர் பிழைப்பு அது. அரசாங்கத்துக்கு என்ன வந்தது?

சீக்கிர ஓய்வு இந்தத் தொழிலாளிகளுக்குப் புதிதல்ல. கண் மங்கி, கை மெதுவாகி, பீஸ் எண்ணிக்கை குறைந்ததும் "நாளைக்கு வர வேண்டாம்" என்று சொல்லிவிடுகிறார்கள். மாலை மரியாதை கிடையாது. பி.எஃப். பிடித்தம் இருந்தவர்கள் பாக்கியசாலிகள். அவர்களுக்கும் முழு ஓய்வூதியம் 58 வயதில்தான். பசிக்கிறதே என்று ஐம்பதிலேயே கேட்டால் தருவார்கள், குறைகிற ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் வெட்டி. தம்பி சொன்ன 4 சதவீதம் வருகிறதோ இல்லையோ, இந்த 4 சதவீதம் தவறாமல் போகும்.

இந்த பி.எஃப். ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய் என்று 2014இல் அறிவித்தார்கள். அதே ஆண்டில் பிடித்தத்துக்கான சம்பள உச்சவரம்பை 15,000 ரூபாய் என்று வைத்தார்கள். பத்தாண்டு கடந்தும் இரண்டும் அசையவில்லை. பருப்பு அசைந்தது, கேஸ் சிலிண்டர் அசைந்தது, வீட்டு வாடகை அசைந்தது. பணமில்லை என்கிறார்கள். பொறுப்பான பதில்தான், நம்பத்தான் வேண்டும்.

ஆனால் 2025 மார்ச்சில் எங்கிருந்தோ பணம் வந்தது. முன்னாள் எம்.பி.க்களின் ஓய்வூதியத்தை 25,000 ரூபாயிலிருந்து 31,000 ஆக்கினார்கள், 2023 ஏப்ரல் முதல் முன்தேதியிட்டு. ஐந்தாண்டுக்கு மேல் எம்.பி.யாக இருந்திருந்தால், அதற்கு மேற்பட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் மாதம் 2,500 கூடுதல். இவர்களிடம் யாரும் டீயை விடச் சொல்லவில்லை. 25 மடங்கு சேர்த்தாயா என்று கேட்கவில்லை. விலைவாசி ஏறுகிறது என்பது இவர்கள் விஷயத்தில் மட்டும் அரசுக்கு உடனே புரிந்துவிடுகிறது. சிக்கனம் என்ற உபதேசம் 1,000 ரூபாய்க்காரனுக்கு மட்டும்தான்.

சேமிக்கத் தெரியாததால் ஏழையாக இருக்கிறான் என்று இனி எவனாவது சொன்னால், அவன் முகத்துக்கு நேரே அந்த 1,000 ரூபாயை நீட்டுங்கள், மாதத்தை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஓட்டு கேட்டு வருகிறவர்களிடமும் அதையே செய்யுங்கள். பி.எஃப். ஓய்வூதியர்கள் வருடக்கணக்காகத் தெருவில் நின்று கேட்பது 7,500 ரூபாயும் அகவிலைப்படியும். முன்னாள் எம்.பி. ஒருவர் வாங்கும் 31,000இல் அந்த 7,500 கால் பங்குகூட இல்லை.