தள்ளுவண்டிக் காப்பியல்

தள்ளுவண்டி என்பது நான்கு சக்கரம், அவற்றின் மேல் ஒரு மேடை, தள்ளுவதற்கு ஒரு கைப்பிடி, வெயிலுக்குத் தகரக் கூரை ஆகியவை சேர்ந்த கடை. எஞ்சின் இதில் கிடையாது. வண்டியைத் திருட்டிலிருந்து காக்கும் காப்பியலின் முதற்சிக்கல் அதுவே. காரைத் திருட ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். பைக்கைத் திருடக் கள்ளச்சாவியாவது வேண்டும். தள்ளுவண்டிக்கு இரண்டு கையும் சற்று நிதானமும் போதும். நள்ளிரவில் திருச்சி தில்லை நகரின் சாஸ்திரி ரோட்டில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறவனைப் பார்த்து யாரும் கூச்சல் போடுவதில்லை. 'வியாபாரம் முடிஞ்சு வீட்டுக்குப் போறாப்ல' என்று திரும்பிப் படுத்துவிடுவார்கள்.

மேலைநாட்டார் காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் சிறு முகாம் வண்டிக்கு இழுவைக் கொக்கியில் பூட்டுப் போட்டுவிட்டு உறங்கப் போகிறார்கள். தில்லை நகர் வண்டியில் அந்தக் கொக்கியின் இடத்தில் இருப்பவர் உரிமையாளர். அவரைப் பூட்டிவைக்க முடியாது, வீட்டில் தேடுவார்கள்.

எந்த நொடியில் வண்டி திருடப்பட்டதாகிறது என்பதில் சட்டம் வியக்கத்தக்க நுட்பம் காட்டுகிறது. 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 378ஆம் பிரிவும், 2024 ஜூலை முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவும் பொருளை நகர்த்துவதையே திருட்டின் உயிர்நிலையாகக் கொள்கின்றன. நகரவிடாமல் தடுத்த பொருளை அகற்றுவதும் நகர்த்துவதே என்று விளக்கம் வேறு. ஆகவே சக்கரத்துக்கு அண்டை கொடுத்த செங்கல்லைக் காலால் தள்ளியவன், வண்டியைத் தொடாமலேயே பாதித் தூரம் போய்விட்டான்.

செங்கல்லை இகழ்வதற்கில்லை. அதன் மூத்த அண்ணன் ஸ்ரீரங்கத்தில் இருக்கிறது. சித்திரைத் தேர் வீதியில் வரும்போது அதை நிறுத்துவது சக்கரத்தடியில் செருகும் முட்டுக்கட்டை; சரியான கணத்தில் செருகத் தெரிந்தவர்களுக்கு அதுவே வாழ்நாள் வித்தை. ஆனால் திருடர்களிடமிருந்து தேரைக் காப்பது கட்டையன்று, வடம். வடத்தைப் பிடிக்க ஊரே வர வேண்டும்; ஊரே வந்த பின் அதற்குப் பெயர் திருவிழா. நகர்த்த எத்தனை பேர் வேண்டுமோ அத்தனை மடங்கு பாதுகாப்பு என்பது இத்துறையின் முதல் விதி. தள்ளுவண்டிக்கு ஒருவர் போதும். மழை பெய்து ரோடு பள்ளமாகியிருந்தால் இருவர்.

அடுத்தது சங்கிலி. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குரிய மரியாதையோடு அதைக் கொண்டுவந்து, நாய் கட்டும் சங்கிலியில் மாட்டுவது தில்லை நகரின் தனி மரபு. மறுமுனை பெரும்பாலும் புங்கமரத்தில் இருக்கும். மரம் பருக்கப் பருக்கச் சங்கிலி பட்டைக்குள் புதைகிறது. சில ஆண்டுகளில் வண்டி பத்திரமாக இருக்கிறதோ இல்லையோ, சங்கிலியை யாரும் எடுத்துப்போக முடியாது.

பக்கத்து ஊரான உறையூரைக் கடந்தே கோவலன் மதுரைக்குப் போனான். அங்கே அவன்மேல் பழி சுமத்திய பொற்கொல்லன், கள்வருக்குத் துணையாவன எட்டு என்று சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில் அடுக்கிக் காட்டுகிறான். மந்திரமும் மருந்தும் தெய்வமும் அதில் அடக்கம். தள்ளுவண்டிக் கள்வன் இத்தனையும் சுமக்க வேண்டியதில்லை. இடமும் காலமும் தெரிந்தால் போதும்; கருவி வண்டியே.

அனுபவசாலிகள் கையாளும் முறை பிரித்தெடுத்தல். இரவு பதினொன்றுக்கு 19 கிலோ சிலிண்டர், அடுப்பு, தோசைக்கல், பேட்டரி விளக்கு எல்லாம் டி.வி.எஸ். 50இல் ஏறிவிடும். சிலர் ஒரு சக்கரத்தையும் கழற்றி, அச்சுக்குக் கீழே செங்கல் அடுக்கிவிட்டு, கழற்றிய சக்கரத்தை வீட்டுக் கட்டிலின் அடியில் தள்ளிவைக்கிறார்கள். தெருவில் எஞ்சுவது கூடு. அதையும் பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோகலாம். ஆனால் மூன்று சக்கரத்தில் தள்ளும்போது எழும் சத்தத்துக்கு ஆறாவது கிராஸிலிருந்து பத்தாவது கிராஸ் வரை விளக்கெரியும்.

உயிருள்ள காவலில் இரு வகை. ஆஸ்பத்திரி வாட்ச்மேனுக்கு மாலையில் நான்கு இட்லியும் 'அண்ணே, ஒரு கண்ணு வச்சுக்கங்க' என்ற சொல்லும் போகும். அவர் கண் வைப்பது இட்லி தீரும்வரை. வண்டியடியில் படுக்கும் தெருநாய்க்கு மீந்த பரோட்டா. நாயின் விசுவாசத்தைச் சட்டமே நம்பவில்லை: சட்டைப்பையில் தீனி வைத்து அடுத்தவர் நாயைக் கூட்டிப்போவதைத் திருட்டுக்கு உதாரணமாகவே சேர்த்திருக்கிறது. நாய் பின்னால் நடக்கத் தொடங்கியதுமே குற்றம் முடிந்துவிடும்.

முழுமையான பாதுகாப்பு பெற்றது இஸ்திரி வண்டி ஒன்றுதான். டயர் காற்றிறங்கி, ரிம் மண்ணில் இறங்கி, ஒரு பக்கம் காம்பவுண்டுச் சுவரில் சாய்ந்து, கரியும் துணியுமாக அது தெருமுனையில் வேர்விட்டிருக்கிறது. திருடன் அதைக் கடை என்று நினைத்துப் போய்விடுவான். சிக்கல், மாநகராட்சியும் அப்படியே நினைப்பதில் இருக்கிறது. இரவில் வண்டி நகரக் கூடாது, பகலில் நகராமல் இருக்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவே எத்தனை அடி சங்கிலி விடலாம் என்பது இன்னும் தீராத ஆய்வு. மாநகராட்சி பறிமுதல் செய்தாலும், 2014ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி அந்தச் சரக்குக்குப் பட்டியல் தர வேண்டும். உரியவர் கேட்டால், கெடும் பொருளை அன்றே, கெடாததை இரண்டு வேலை நாளில் விடுவிக்க வேண்டும். திருடன் பட்டியல் தருவதில்லை. இந்த ஒரு வேறுபாட்டால் பல வியாபாரிகள் மாநகராட்சியையே விரும்புகிறார்கள்.

கடைசியாகச் சாவி தொலைதல். மாலை நாலரை மணி, மாவு புளித்துக் காத்திருக்கிறது. உரிமையாளர் கருங்கல்லை எடுத்துத் தம் பூட்டைத் தாமே கால் மணி நேரம் அடித்து உடைக்கிறார். ஸ்கூட்டர்கள் ஒதுங்கிப் போகின்றன. ஒருவர் மட்டும் நின்று பார்த்துவிட்டு, 'கொஞ்சம் சாய்ச்சு அடிங்க, சீக்கிரம் விடும்' என்று சொல்லிவிட்டுப் போகிறார். இவர் யார், இது யார் வண்டி என்று கேட்கவில்லை.