மீள்கூலி மீமாம்சை

ஆன்மா நித்தியமா அநித்தியமா என்று தலைமுறை தலைமுறையாக வாதிட்ட நமது பண்டிதர்கள், அதற்கு அடுத்தபடியாக விசாரித்திருக்க வேண்டிய விஷயம் ஒன்றை ஏனோ கைவிட்டுப் போய்விட்டார்கள். ஆன்லைனில் வாங்கிய மிக்ஸி ஜார் விரிசலோடும் தலையணை பிரிந்த தையலோடும் வந்து சேர்ந்தால், அவற்றைத் திருப்பி அனுப்பும் பார்சல் கூலி விற்றவன் தலையில் விழுமா, வாங்கியவன் தலையில் விழுமா என்பதே அது. இது அற்ப விஷயமென்று கருதும் வாசகர்கள், ஒரு டேபிள்டாப் கிரைண்டரைக் கல்லோடு சேர்த்து அட்டைப்பெட்டியில் கட்டிக் கூரியர் ஆபீஸ் வரை சுமந்துவிட்டு வந்து இக்கட்டுரையைத் தொடரலாம். அதுவரை நான் காத்திருக்கிறேன்.

முன்னோர் இத்துறையை அடியோடு மறந்தார்கள் என்று சொல்லிவிடவும் முடியாது. வாங்கிய பொருளைப் பரீட்சித்துப் பார்ப்பதற்கு யாக்ஞவல்கிய ஸ்மிருதி கால அளவே வகுத்திருக்கிறது: விதைக்கு 10 நாள், இரும்புக்கு 1 நாள், பாரம் சுமக்கும் மிருகத்துக்கு 5 நாள், ரத்தினத்துக்கு 7 நாள், கறவைப் பசுவுக்கு 3 நாள். (மனிதரையும் அந்த வரிசையிலேயே வைத்து நாள் குறித்திருப்பது அக்காலத்தின் களங்கம், அதை மூடிமறைப்பதற்கில்லை.) வாங்கியபின் மனம் மாறியவனுக்கு நாரதர் தனியாக ஒரு வழி சொல்கிறார்: அன்றைக்கே பொருளைச் சேதமின்றித் திருப்பினால் முழுக் கிரயம் கிடைக்கும்; மறுநாள் திருப்பினால் கிரயத்தில் முப்பதில் ஒரு பங்கு நஷ்டம்; மூன்றாம் நாள் அதைப் போல் இரு மடங்கு; அதற்குமேல் பொருள் அவனுக்கே. செல்போனைத் திருப்பித் தர 7 நாள் என்று கெடு வைக்கும் இக்கால வியாபாரிகள், அதை ரத்தின வர்க்கத்தில் சேர்த்திருக்கிறார்கள் என்பது எனது துணிபு.

இவ்வளவு நுட்பமாக நாள் எண்ணியவர்கள் சுமைகூலியைப் பற்றி அவ்விடத்தில் வாய் திறக்காததன் காரணம் என்ன என்று ஆராய்ந்தால், விடை எளிதில் கிடைத்துவிடுகிறது. பசுவுக்குக் கால் உண்டு. பால் வற்றிய பசுவை மூன்றாம் நாள் விற்றவன் வாசலுக்கு ஓட்டிச் செல்ல ஒரு கயிறும் ஒரு பையனும் போதும். ரோமாபுரியில் சந்தை அதிகாரிகளான ஈடைல்கள், குற்றமுள்ள சரக்கை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்துக் கிரயத்தை மீட்கும் உரிமையைச் சாசனமாக வெளியிட்டபோது, அவர்கள் மனத்தில் இருந்தவை பெரும்பாலும் அடிமைகளும் கால்நடைகளுமே. அங்கும் சரக்கு தானே நடந்து திரும்பியது. ஆகவே மீள்கூலிப் பிரச்சினை கால் இல்லாத சரக்கோடு பிறந்த பிரச்சினை என்று நிர்ணயிக்கலாம். ரத்தினத்துக்கும்தான் கால் இல்லையே என்று ஆட்சேபிப்போர் உண்டு. அது மடியில் முடிந்துகொண்டு போகத்தக்கது என்று கூறி அவர்களைக் கடந்து செல்கிறேன்.

கால் இல்லாத சரக்கைப் பற்றி நம் நாட்டில் தெளிவாகப் பேசிய நூல், பலரும் எடுத்துப் பாராத 1930ஆம் வருஷத்துப் பொருள் விற்பனைச் சட்டம். அதன் 43ஆம் பிரிவு, ஏற்க மறுக்கும் உரிமை உள்ளவன் தன்னிடம் வந்த சரக்கை ஏற்க மறுத்தால், அதைத் திருப்பி அனுப்பும் கடமை அவனுக்கு இல்லை என்றும், மறுத்த செய்தியை விற்றவனுக்குத் தெரிவித்துவிட்டாலே போதும் என்றும் விதிக்கிறது. 1893ஆம் வருஷத்து ஆங்கிலச் சட்டத்திலிருந்து ஏறக்குறைய அப்படியே இறக்கியதுதான். ஆயினும் அதன் கம்பீரத்தை நோக்குங்கள்! வாங்கியவன் சாய்வு நாற்காலியை விட்டு எழ வேண்டியதில்லை. 'உமது கிரைண்டர் எமக்கு வேண்டாம்' என்று ஒரு கார்டு எழுதிப் போட்டுவிட்டு, அது கூடத்தின் நடுவே கிடப்பதைத் தத்துவ நோக்கோடு பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆனால் அப்பிரிவு, 'வேறு விதமான உடன்படிக்கை இல்லாத பட்சத்தில்' என்று பொருள்படும் நிபந்தனையோடுதான் தொடங்குகிறது. அந்த வேறு விதமான உடன்படிக்கையைத்தான், ஆர்டர் கொடுக்கும் அவசரத்தில், படித்துப் பாராமல், ஒரு சிறு கட்டத்தைத் தொட்டு நாம் அனைவரும் செய்துகொடுத்திருக்கிறோம்.

2020ஆம் வருஷத்து மின்வணிக விதிகள் இவ்விவாதத்தைத் தீர்த்திருக்கலாம், தீர்க்கவில்லை. பழுதான, போலியான, விளம்பரத்துக்கு மாறான பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ள விற்பவன் மறுக்கலாகாது என்கின்றன. திருப்பி அனுப்பும் செலவைப் பற்றிய விவரத்தைத் தெளிவாகக் காட்ட வேண்டும் என்கின்றன. அந்தச் செலவு இன்னார் தலையில் என்று பெயர் சொல்ல மட்டும் நாணம் கொள்கின்றன. செலவை முன்கூட்டிக் காட்டிவிட்டதால் வாங்கியவனிடம் வசூலிக்கலாம் என்பது பூர்வபட்சம். கூலி கேட்பதும் மறுப்பின் ஒரு வகையே, ஏனெனில் 200 ரூபாய் பனியனுக்கு 150 ரூபாய் கூலி கொடுத்துத் திருப்பும் மூடன் இல்லை என்பது சித்தாந்தம். நான் சித்தாந்தியின் கட்சி. இங்கிலாந்தின் 2015ஆம் வருஷத்துச் சட்டமோ, திருப்பும் நியாயமான செலவு விற்றவனுடையதே என்றும், கடையில் வாங்கியதைக் கடைக்கே தூக்கிக்கொண்டு போகிறவன் மட்டும் வழிச்செலவு கேட்கலாகாது என்றும் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறது. ஜெர்மனியில் ஒருவர் தொலைபேசியில் வாங்கிய 5 மீட்டர் அகலமும் 6 மீட்டர் நீளமுமான கூடாரம் பழுதாயிருந்து, விற்றவன் இங்கே வந்து சீர்செய்ய வேண்டுமா, கூடாரம் அங்கே போக வேண்டுமா என்று எழுந்த வழக்கை ஐரோப்பிய நீதிமன்றம் 2019இல் விசாரித்து, பொருளின் கனத்தையும் பருமனையும் பார்த்து, வாங்கியவனுக்குப் பெரிய தொல்லை நேராத இடமே உரிய இடம் என்று கூறியது.

இனி, விற்றவன் யார் என்ற வேதாந்தக் கேள்வி. சந்தைத்தளத்தைக் கேட்டால் தான் விற்கவே இல்லை என்கிறது. விற்பனை நிகழ்ந்தது, தான் அதற்குச் சாட்சி மாத்திரம். கர்த்தாவும் அல்ல, போக்தாவும் அல்ல. 2000ஆம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு இந்த நிர்க்குண நிலைக்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது. கமிஷன் வாங்கும்போது மட்டும் பிரம்மம் சகுணமாகிவிடுகிறது. இறுதியில் கூலி போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் ஏதோ ஓர் ஊரில் இரண்டு தையல் மெஷினோடு உட்கார்ந்திருக்கும் சிறு வியாபாரியின் கணக்கு. அவன் அதை அடுத்த பனியனின் விலையில் ஏற்றிவிடுகிறான்.

கூலியின் அளவோ கனத்தை மட்டும் பொறுத்ததன்று. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்து வருவதைக் கிலோவாகக் கொள்ளும் கணக்கு கூரியர்காரர்களிடம் வழக்கத்தில் உண்டு. காற்றை உறிஞ்சிச் சுருட்டி வரும் தலையணை, உறையைக் கிழித்ததும் மூச்சுவிட்டுப் பெருத்து, 60, 40, 20 சென்டிமீட்டர் பெட்டியைக் கேட்கிறது. வகுத்துப் பார்த்தால் 9.6 கிலோ! பஞ்சுக்கு இரும்பின் கூலி. தவிரவும், எல்லா ஊருக்கும் வந்து எடுத்துப்போவதில்லை. அது ஆறு இலக்கப் பின்கோடைப் பார்த்துத் தீர்மானமாகிறது. 1972 ஆகஸ்ட் 15இல் அந்த எண்முறையை நாட்டுக்கு அளித்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் ஒரு சம்ஸ்கிருதக் கவி என்பதை அறிந்தபோது, யாக்ஞவல்கியர் விட்ட இழை எங்கே தொடர்கிறது என்று புலப்பட்டு மகிழ்ந்தேன். பிக்கப் இல்லாத கிராமத்தான் தானே பார்சல் அனுப்பி, ரசீதைப் படம் பிடித்து அனுப்பி, பணத்துக்குக் காத்திருக்க வேண்டியதுதான். இவ்வளவுக்கும் அவன் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. வழக்கு அவன் ஊருக்கு வருகிறது. தலையணைதான் ஊரைவிட்டுப் போக வேண்டியிருக்கிறது.

சில நிறுவனங்கள் கணக்குப் போட்டுப் பார்த்துக் கூலி கிரயத்தை மிஞ்சுவதைக் கண்டு, பணத்தையும் தந்து, பொருளைத் திருப்ப வேண்டாம் என்று சொல்லிவிடுகின்றன. 43ஆம் பிரிவு இவ்வாறு லாப நஷ்டக் கணக்கின் வழியாகக் கொல்லைப்புறமாய் வீட்டுக்குள் நுழைகிறது. திருப்ப வேண்டாம் என்றது தானமா, அன்றி இருக்கட்டும் என்று விட்டுவைத்ததா என்பது மட்டும் நிச்சயமில்லை. தானமாயின் கவலையில்லை. விட்டுவைத்ததாயின், பிறர் பொருளை ஒப்படைப்பாக வைத்திருப்பவன் அனுமதியின்றி அதை உபயோகித்து அதற்குச் சேதம் நேர்ந்தால் நஷ்டஈடு தர வேண்டும் என்று 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 154ஆம் பிரிவு கூறுவதால், அந்தத் தலையணையில் தலைவைத்துப் படுக்கலாமா, அல்லது பக்கத்தில் தரையில் படுத்துக் காவல் மட்டும் காக்கலாமா என்பதை அடுத்த பாகத்தில் விசாரிப்பேன்.