இலுப்பை கேள்விகள்

கே: 'ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை' என்கிறார்களே, அது நிஜமாகவே இனிக்குமா? (அருப்புக்கோட்டை)

ப: தாராளமாக! காய்ந்த பூவில் ஏறக்குறைய பாதி சர்க்கரைதான். பழமொழி கட்டியவர் ஊருக்குப் புதிதாக ஆலை வந்திருக்கும். அந்தத் திமிர்!

கே: இலுப்பைப்பூவை மரத்தில் பார்த்ததே இல்லை, தரையில்தான் பார்த்திருக்கிறேன். ஏன்? (சிவகங்கை)

ப: நீங்கள் எழுவது தாமதம். ராத்திரி பூத்து, விடியுமுன் உதிர்ந்துவிடும். வௌவால்தான் அதற்கு வாடிக்கையாளர். சதைப்பற்றான பூவைத் தின்ன வந்து, மகரந்தத்தையும் சுமந்து போகும்.

கே: இதில் சாராயம் காய்ச்சுவார்களாமே? (பெயர் வேண்டாம்)

ப: பெயர் வேண்டாம் என்றதுமே புரிந்துவிட்டது. மத்திய இந்தியாவில் கோண்டு பழங்குடி மக்களுக்கு 'மகுவா' என்கிற இந்த இலுப்பைப்பூ சாப்பாடும் சடங்கும் சாராயமும் ஆகும். 1892-ல் பம்பாய் மாகாணம் இந்தப் பூவைப் பொறுக்கவும் சேர்த்து வைக்கவும் கட்டுப்பாடு விதித்துச் சட்டமே போட்டது. தானாக விழுகிற பூவுக்கு! 2021-ல் மத்தியப்பிரதேச அரசு அதே சரக்கைப் 'பாரம்பரிய மது' என்று கௌரவித்தது. நீங்கள் முயல வேண்டாம். இங்கே அரசாங்கமே கடை நடத்துகிறது.

கே: இலுப்பைப் பிண்ணாக்கை மாடு ஏன் தின்பதில்லை? (விருதுநகர்)

ப: மாட்டுக்கு அறிவு உண்டு. எண்ணெய் விளக்குக்குப் போனபின் பிண்ணாக்கில் தங்குவது சபோனின் என்ற கசப்பு நஞ்சு. நுரை வருவதால் பாட்டிமார் தலைக்குத் தேய்த்தார்கள். மீன்குட்டையில் குஞ்சு விடுமுன் வேண்டாத மீன்களை ஒழிக்க இதைத்தான் போடுகிறார்கள். நஞ்சு அடங்கியதும் அதுவே குட்டைக்கு உரம். ஒரு காலத்தில் இங்கிலாந்துக்குக் கப்பலேறி, கோல்ஃப் மைதானத்து மண்புழுக்களையும் விரட்டியிருக்கிறது. நம் பாட்டி தலைக்கும் துரைமார் புல்தரைக்கும் ஒரே சீயக்காய்!

கே: இலுப்பை எந்தக் கோயிலின் தலமரம்? (திருச்சி)

ப: மயிலாடுதுறைப் பக்கம் இலுப்பைப்பட்டு. ஊர்ப் பெயரிலேயே விடை இருக்கிறது.

கே: ஐந்து சென்ட் இடம் இருக்கிறது. இலுப்பை வைத்தால் எப்போது காசு? (புதுக்கோட்டை)

ப: காய்க்கவே பத்து வருஷம் ஆகும், அவசரமென்றால் முருங்கை வையுங்கள். இலுப்பைதான் வேண்டுமென்றால் வீட்டை விட்டுத் தள்ளி வையுங்கள், பெருமரம் அது. விதையைப் பரணில் பத்திரப்படுத்தாதீர்கள். சில வாரத்திலேயே முளைப்புத்திறன் போய்விடும். பழம் விழுந்த சூட்டோடு சதையை நீக்கி மண்ணில் போடுங்கள்.