எனக்கு முன்னால் நின்ற முதுகு

கூடப் படித்தவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்களாம். ஆளுக்கொரு தாள் அனுப்பியிருந்தார்கள். பிடித்த சாப்பாடு, வாழ்க்கையின் திருப்புமுனை, மறக்க முடியாத அனுபவம் என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் 'உங்களைப் பற்றி யாருக்கும் தெரியாத ஒரு விஷயம்' என்று ஒரு கோடு போட்டிருந்தது. அதைப் படித்ததும் என் மனைவி சிரித்தாள். "ஏங்க, நீங்க காலைல பல்லு வெளக்குனீங்களா இல்லையான்னு எதுத்த வீட்டக்காவுக்கே தெரியும். யாருக்கும் தெரியாததுக்கு எங்கிட்டுப் போவீங்க?"

நியாயம்தான். காதுகுத்துக்கே தெருவை அடைத்து போஸ்டர் ஒட்டுகிற ஊர் இது. ரகசியம் என்கிற சரக்கு இங்கே அவ்வளவாக விலை போகாது.

பிடித்த சாப்பாட்டிலிருந்து ஆரம்பித்தேன். மதுரைக்காரன் ஜிகர்தண்டா என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடலாம். ஆனால் ஐம்பதைத் தாண்டிய பிறகு பொய் எதற்கு? எனக்கு ஜிகர்தண்டா ஆகாது. பால், நன்னாரி, ஐஸ்கிரீம் வரைக்கும் சம்மதம். அந்தப் பாதாம் பிசின் தொண்டையில் வழுக்கும்போதுதான், நான் அதை விழுங்குகிறேனா, அதுவே நடந்து போகிறதா என்ற சந்தேகம் வந்துவிடுகிறது. விருந்தாளிகளை விளக்குத்தூண் பக்கம் கூட்டிப் போனால், அவர்கள் குடிக்கக் குடிக்க நான் பெருமையாகப் பார்த்துக்கொண்டு நிற்பேன். "நீங்க குடிக்கலையா?" என்றால், "நாங்கதான் தினமும் குடிக்கிறமே" என்று சமாளித்துவிடுவேன்.

நான் பருத்திப்பால் கட்சி. பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பால் எடுத்து, அரிசிமாவும் வெல்லமும் சேர்த்துக் காய்ச்சி, சுக்கும் ஏலமும் தட்டிப்போட்டு, மேலே தேங்காய்ப்பூவைத் தூவித் தருவார்கள். சாயங்காலம் தள்ளுவண்டிப் பக்கத்தில் நின்று ஊதி ஊதிக் குடிக்க வேண்டும். மூக்கு நுனி வியர்க்கும். இதில் ஒரு வெட்கக்கேடும் உண்டு. பருத்திக்கொட்டை தின்ற மாட்டில் கறந்த பால்தான் பருத்திப்பால் என்று பன்னிரண்டு வயசு வரை நம்பிக்கொண்டிருந்தேன். எங்கள் தெரு மாடும் பருத்திக்கொட்டைதான் தின்றது. "உங்க மாட்டுப் பால்ல மட்டும் ஏன் சுக்கு வாசம் வரல?" என்று பால்காரரிடமே கேட்டிருக்கிறேன். தண்ணீர் கலப்பதைக் குத்திக்காட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, மனுஷன் ஒரு வாரம் அளவு கூட்டி ஊற்றினார்.

திருப்புமுனை என்று பார்த்தால், இந்த ஊரில் அதைக் காந்தி முன்கூட்டியே எடுத்துக்கொண்டு போய்விட்டார். 1921 செப்டம்பரில் மேலமாசி வீதி வீட்டில் தங்கியிருந்தபோதுதான் சட்டையையும் நீள வேட்டியையும் விட்டுவிட்டு நாலு முழத்துக்கு மாறினார். அதே வீதியில்தான் எனக்கு முதல் பேண்ட் எடுத்தார்கள். வளர்கிற பிள்ளை என்று நாலு விரற்கடை கூடுதலாக எடுத்து மடித்துத் தைத்தார்கள். அவர் துணியைக் குறைத்த தெருவில் எனக்கு நீட்டினார்கள். இதைத் தவிர எழுத ஒன்றுமில்லை.

சினிமா அனுபவம் என்றால் அப்பாவைத்தான் கேட்க வேண்டும். தங்கம் தியேட்டர் 1952 தீபாவளிக்குப் 'பராசக்தி'யோடு திறந்தபோது முதல் நாளே பார்த்தவர் அவர். அப்போது அவருக்கு நாலு வயசு என்பதை யாரும் நினைவுபடுத்தக் கூடாது. தங்கத்தில் மொத்தம் 2563 சீட்டு இருந்தது. முதல் நாள் பார்த்தேன் என்று என்னிடம் சொன்ன பெரியவர்களை எல்லாம் உட்காரவைக்க இன்னும் ரெண்டு தங்கம் கட்ட வேண்டும்.

இப்போது அந்தக் கடைசிக் கோடு. எழுதிவிட்டேன்: அழகர் ஆற்றில் இறங்குவதை நான் பார்த்ததே இல்லை.

போகாமல் இல்லை. முதல் தடவை ஐந்து வயசில், அப்பாவின் தோளில் உட்கார்ந்து போனேன். சித்ரா பௌர்ணமி, விடியாத நேரம், வைகைக் காற்று. தங்கக்குதிரை வந்தபோது நான் அப்பாவின் தலைமேல் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தேன்.

அடுத்தது பத்தாவது படிக்கும்போது. கல்பாலத்துக்குப் பக்கத்தில் ராத்திரியே போய் இடம் பிடித்தோம். விடியும் நேரத்தில் எனக்கு முன்னால் ஒரு முதுகு வந்து நின்றது. நீலக்கட்டம் போட்ட சட்டை. வலது தோளுக்குக் கீழே தையல் விட்டிருந்தது. அந்த ஓட்டையில் ஒரு மல்லிகைப்பூ எப்படியோ மாட்டிக்கொண்டிருந்தது. "கோவிந்தா" என்று கூட்டம் எழும்பியது. அத்தனை கையும் மேலே போனது. எங்கிருந்தோ பீய்ச்சிய தண்ணீர் என் முகத்தில் அடித்தது. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். மல்லிகைப்பூ நனைந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அப்பத்தா கேட்டது: "என்ன பட்டுடா கட்டியிருந்தாரு?" பச்சை என்றால் ஊர் செழிக்கும் என்பார்கள். "பச்சைதான் அப்பத்தா" என்றேன். அது கையெடுத்துக் கும்பிட்டது. அந்த வருஷம் நல்ல மழை பெய்தது, நான் தப்பித்தேன்.

அப்புறம் செல்போன் காலம். ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால், முதுகுகளோடு உயரத் தூக்கிய கைகளும் சேர்ந்துகொண்டன. எனக்கு முன்னால் நின்றவர் பிடித்திருந்த போனில் அழகர் அழகாகத் தெரிந்தார், கட்டைவிரல் அளவில். சரி, இதுவாவது கிடைத்ததே என்று கண்ணை அகட்டினேன். குதிரை தண்ணீரை நெருங்கியது. திரை கறுத்தது. 'மாமா' என்று எழுத்து வந்து, போன் அதிர்ந்தது. அவர் வெட்டிவிட்டுக் கேமராவைத் திறப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. உடனே திருப்பிக் கூப்பிட்டார். "மாமா! கண்குளிரப் பாத்துட்டேன் மாமா!"

2020-லும் 2021-லும் கொரோனாவால் அழகர் கோயிலை விட்டு வெளியே வரவில்லை. அந்த ரெண்டு வருஷம்தான் நான் ஊரோடு ஒத்துப்போனேன்.

வருத்தப்பட அவசியமில்லை என்று எனக்கு நானே ஒரு சமாதானம் வைத்திருக்கிறேன். அழகரே தங்கச்சி மீனாட்சி கல்யாணத்துக்கென்று இருபது கிலோமீட்டருக்கு மேல் கிளம்பி வருகிறவர்தானே? வழியெல்லாம் மண்டகப்படி, மண்டகப்படிக்கு ஒரு நிறுத்தம். ஆற்றுக்கு வந்து சேர்ந்தால் தாலி கட்டி முடிந்துவிட்டது என்று சேதி. கோபித்துக்கொண்டு வண்டியூர்ப் பக்கம் திரும்பிவிடுகிறார். ரெண்டு கோயில் திருவிழாவையும் ஒன்றாகச் சேர்த்தது திருமலை நாயக்கர் என்று பெரியவர்கள் காரணம் சொல்வார்கள். இருக்கட்டும். பார்க்க வந்ததைப் பார்க்காமல் திரும்புவதில் அவர் எனக்குச் சீனியர்.

தாளை அனுப்பிய மறுநாள், மலர்ப் பொறுப்பு எடுத்திருந்த நண்பன் கூப்பிட்டான்.

"மாப்ளே, கடைசிப் பதில மாத்திக் குடு. இதே அழகர் கதைய இதோட பதினாலு பேரு எழுதிட்டாய்ங்க. யாருக்கும் தெரியாததுன்னு எப்படிடா போடுறது?"

"அப்படின்னா பருத்திப்பால் விஷயத்தைப் போட்டுக்க. அது மாட்டுப்பால்னு பன்னெண்டு வயசு வரைக்கும் நம்பிக்கிட்டிருந்தேன்ல, அது."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"ஏன்டா," என்றான், "அது மாட்டுப்பால் இல்லையா?"