பழைய பாக்கியும் புதுப் பேரேடும்

கேள்வி: செய்த தவறுகளை நினைத்து மனம் வேகிறது. 'மன்னிக்கப்பட்டாய், விட்டுவிடு' என்கிறது கிறிஸ்தவம். இது கடன்காரனுக்கு வசதியான மதம் அல்லவா?
- ஒரு வாசகர், மண்டி மொஹல்லா, மைசூரு

பதில்: மண்டிக்காரருக்கே உரிய சந்தேகம்! பேரேட்டையே புரட்டுவோம். இயேசுவின் சீடர்களில் யூதாஸ் அவரைக் காட்டிக்கொடுத்தான். பேதுரு அவரைத் தெரியாதென்று மூன்று முறை மறுதலித்தார். மத்தேயுவின் நற்செய்திப்படி இருவருமே மனம் நொந்தார்கள். யூதாஸ் முப்பது வெள்ளிக்காசைத் திருப்பிக்கூடக் கொடுத்தான். ஆனால் தன் வழக்குக்குத் தானே நீதிபதியாகி, தூக்கையும் விதித்துக்கொண்டான். பேதுருவோ அழுதுவிட்டுத் திரும்பி வந்தார். ஆக, வருத்தம் என்பது வாசல். அதிலேயே பாய் விரித்துப் படுக்கக் கூடாது.

ஏமாற்றியவன் ஒரு ஜெபத்தோடு தப்பிவிடலாமா என்பீர்கள். வரி வசூலித்த சகேயு, ஏமாற்றியதை நாலு மடங்காகத் தருவதாகச் சொன்னார். கத்தோலிக்கரின் பாவசங்கீர்த்தனத்திலும் மன்னிப்போடு பரிகாரம் சேர்ந்தே வரும். தள்ளுபடியாவது குற்றச்சுமைதான், அடுத்தவருக்குத் தர வேண்டிய பாக்கி அல்ல. திருப்பித் தரவே முடியாத இழப்பு என்றால்? இயேசுவை நம்பிய ஸ்தேவானின் கொலைக்கு உடன்பட்ட பவுலால் அவரை உயிரோடு மீட்க முடியவில்லை. மிச்ச ஆயுளை அதே நம்பிக்கையைப் பரப்பும் திசையில் செலவிட்டார். உங்கள் பேட்டைக்கு அருகே, 1933-இல் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அடிக்கல் நாட்டிய புனித பிலோமினா பேராலயம், பழைய சிறு தேவாலயம் இருந்த இடத்தில்தான் எழுந்தது. மனை பழையது, கோபுரம் புதியது. மனசுக்கும் அதே வரைபடம் போதும்.