சோஹார்ச் சுவடியில் எலிஃப் படலம்

சிந்துபாத் பிறந்த ஊர் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஓமானின் சோஹாரில், துறைமுக வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு நிறுவனத்தின் கணினியில் அண்மையில் ஒரு சுவடி கண்டெடுக்கப்பட்டது. பைத்தான் மொழியில் ஆனது. கோப்பின் பெயர் ‘சேலரி ஃபைனல் நியூ 2’. ‘சேலரி ஃபைனல்’, ‘சேலரி ஃபைனல் ஓல்டு’ என வேறு இரு படிகளும் உண்டு. மாதாமாதம் சம்பளம் போடுவது இந்தப் படியே ஆதலின் இதையே மூலபாடமாகக் கொண்டோம். ஆசிரியர் பெயர் இல்லை. காலத்தை அகச்சான்றால்தான் கணிக்க வேண்டும்.

நூலின் நடுவே ‘இப்படியானால்’ என்னும் ஓர் இஃப். அதன்கீழ் ‘இல்லையேல், இப்படியானால்’ என்னும் நாற்பதுக்கு மேற்பட்ட எலிஃப். கடைசியில் ‘எதுவுமில்லையேல்’ என்னும் ஓர் எல்ஸ். ஓ.டி. என்னும் ஓவர்டைம் கணக்குப் போடும் பகுதி இது. 1976இல் தாமஸ் மெக்கேப் என்பவர், ஒரு ஃபங்ஷனுக்குள் வழி எத்தனையாகக் கிளைக்கிறது என்று எண்ணும் முறை ஒன்றை வகுத்து, பத்தைத் தாண்டினால் பிரித்தெழுதுவது நல்லது என்றார். நம் பவணந்தியார் நன்னூலில் நூலுக்குச் சொன்ன குற்றங்களும் பத்து. இருவரும் பத்தில் வந்து நின்றது பற்றித் தனி ஆய்வு தேவை. மெக்கேப் எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்கிறார். பவணந்தியார் குற்றத்துக்குப் பெயரும் வைத்திருப்பதால் இங்கு அவரையே பின்பற்றுகிறோம்.

முதலில் ‘நின்று பயனின்மை’. கிழமை எண் 3 அல்லது 4 என்றால் விடுமுறை என்கிறது ஓர் எலிஃப். பைத்தான் திங்களைப் பூஜ்யமாக வைத்து எண்ணும். ஆக 3 வியாழன், 4 வெள்ளி. ஓமானின் வார விடுமுறை வியாழன்-வெள்ளியிலிருந்து வெள்ளி-சனிக்கு மாறியது 2013 மே 1 முதல். எனவே இந்த வரி அதற்கு முந்தியது எனத் துணியலாம். அதற்கு மேலே, வெள்ளி-சனிக்கு ஒன்றும் வியாழனுக்கு ஒன்றுமாக இரண்டு இடைச்செருகல்கள். மேலுள்ள வரி பிடித்துக்கொண்டால் கீழுள்ளதை பைத்தான் ஏறிட்டும் பார்ப்பதில்லை. அன்று முதல் அந்தப் பழைய வரிக்கு ஒரு நாள்கூட வேலை வந்ததில்லை. நீக்கலாமா என்று அலுவலகத்து அக்கவுண்டன்டைக் கேட்டோம். திருநெல்வேலிக்காரர். “ஏ தம்பி, அதத் தொட்டுறாத. அது இருக்கதாலதான் சம்பளம் ஒழுங்கா ஓடுது” என்றார். இத்தகைய கூற்றை மறுக்கும் நெறியை ஆய்வுலகம் இன்னும் வகுக்கவில்லை.

பணிக்கொடைப் பகுதி இன்னும் சுவையானது. 2003ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்குப் பதினைந்து நாள் பேசிக் சம்பளம், பிறகு ஆண்டுக்கு ஒரு மாத பேசிக் என்றது. 2023ஆம் ஆண்டுச் சட்டம் எல்லா ஆண்டுக்கும் ஒரு மாதம் என்றது. அதாவது சட்டம் இயற்றியவர்கள் தங்கள் இஃபைத் தாங்களே கழற்றிவிட்டார்கள். சுவடியிலோ பழைய இரண்டு கிளைகளும் அப்படியே இருக்க மூன்றாவது ஒன்று முளைத்தது. பழைய ஆட்களின் பழைய சர்வீஸுக்காக அவை இருக்கட்டும் என்பர் ஒருசாரார். அவர்களை மறுக்க நம்மிடம் சான்றில்லை.

இத்தனைக்கும் பைத்தானே காரணம், அதில் சி மொழியில் உள்ளதுபோல் கிளைகளை ஒரே இடத்தில் பிரிக்கும் சுவிட்ச் இல்லை என்று பழி போடுவோர் உளர். மொழியைப் படைத்த கைடோ வான் ரோசமே 2006இல் சுவிட்சுக்கு ஒரு முன்மொழிவு எழுதினார். மறு ஆண்டு பைக்கான் மாநாட்டில் கை தூக்கச் சொல்லிப் பார்த்தார். ஆதரவில்லை என்று கைவிட்டார். மேட்ச் என்ற பெயரில் அதற்கு நெருங்கிய ஒன்று 2021 அக்டோபரில் 3.10 பதிப்போடுதான் வந்தது. சோஹார்க் கணினியில் ஓடுவது 2.7. விவாதம் இத்துடன் முடிந்தது.

இந்த எலிஃப் நோய்க்கு மருந்து பைத்தானின் டிக்‌ஷனரி. ஓ.டி.க்குப் பகலில் 25 விழுக்காடும் இரவில் 50 விழுக்காடும் கூடுதல் என்பது ஓமான் சட்டம். பகலா, இல்லையென்றால் இரவா என்று வரிசையாக விசாரிப்பானேன்? பகலுக்கு எதிரே 1.25, இரவுக்கு எதிரே 1.5 என்று எழுதிவைத்துவிட்டால் ஷிஃப்டின் பெயரைச் சொன்னதும் விடை வந்துவிடும். எதிரே எண்ணுக்குப் பதில் ஃபங்ஷன் வைப்பவர்கள் பெயரை மட்டும் வைக்க வேண்டும். பின்னால் அடைப்புக்குறியும் போட்டால், டிக்‌ஷனரி உருவாகும்போதே எல்லா ஃபங்ஷனும் ஒருமுறை ஓடிப் போனஸும் பிடித்தமும் ஒரே ஆளின் தலையில் விழும்.

ஆனால் டிக்‌ஷனரிக்கு முந்தி பிந்தி என்ற பேதம் தெரியாது. ரமலானில் முஸ்லிம் ஊழியருக்கு நாளுக்கு ஆறு மணி நேரமே வேலை. ஏழாவது மணி ஓ.டி. அந்த ஏழாவது மணி வெள்ளிக்கிழமை இரவில் வந்தால் ரமலான் கணக்கா, வெள்ளிக் கணக்கா, இரவுக் கணக்கா? எலிஃப்களின் ஏணியில் எது மேலே நிற்கிறதோ அதுவே தீர்ப்பு. எனவே ‘இது என்றால் இத்தனை’ என்பவற்றை மட்டும் டிக்‌ஷனரிக்கு அனுப்பிவிட்டு, யார் முந்தி என்ற வழக்குள்ளவற்றை ஏணியிலேயே விட்டோம். நாற்பது பத்துக்குள் அடங்கியது. மெக்கேபுக்கும் திருப்தி.

பவணந்தியார் சொன்னவற்றில் இங்கு எஞ்சிய குற்றம் ‘கூறியது கூறல்’. ‘நைட்’ என்றால் 1.5 என்று ஓர் எலிஃப். நான்கு வரி தள்ளி அதே ‘நைட்’, அதே 1.5. பாடபேதம் ஏதும் கண்ணுக்குத் தெரியவில்லை. கர்சரை வைத்து நகர்த்திப் பார்த்தபோதுதான் இரண்டாவது ‘நைட்’டுக்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ் இருப்பது தெரிந்தது. எக்செல் டைம்ஷீட்டில் யாரோ தட்டிய அந்த ஸ்பேஸால் பைத்தானுக்கு அது வேறு சொல். நேராகக் கடைசி எல்ஸில் போய் விழும். எல்ஸ் சொல்வது: ஓ.டி. பூஜ்யம். ராத்திரி முழுக்க கிரேன் ஓட்டியவர் வந்து சண்டை போட்ட பிறகு, சேர்ந்ததே இரண்டாவது எலிஃப். ‘நைட்டு’க்கும் ‘என்’ என்ற ஒற்றை எழுத்துக்கும் இப்படியே தனித்தனி எலிஃப்கள். ஒவ்வொன்றும் ஒருவரின் சண்டை.

ஸ்ட்ரிப் போட்டு ஸ்பேஸை உதிர்த்தோம். எல்ஸில் பூஜ்யத்துக்குப் பதில், தெரியாத ஷிஃப்ட் வந்தால் எரர் அடித்து நிற்கும்படி மாற்றினோம். அக்கவுண்டன்ட் ஒப்பவில்லை. “ஒருத்தனுக்காவ மொத்த கேம்ப் சம்பளமும் நிக்கணுமா? அவனுவ கேட்டா நீயா வந்து பதில் சொல்லுவ?” நியாயமான வினா. இப்போது புரோகிராம் நிற்காமல் ஓடுகிறது. புரியாத ஷிஃப்ட்காரர்களின் பெயர்கள் தனி ஷீட்டில் விழுகின்றன. சம்பளம் போகுமுன் அக்கவுண்டன்ட் ஒவ்வொருவருக்காக போன் போட்டுக் கேட்கிறார்.